துடுப்பு வலிக்கிறவனோட பதில்: கேம்பல் ரிவர் சால்மன் பத்தி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல போன மாசம் கனடா மேற்குக் கரை சுற்றுலா பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. வான்கூவர் தீவு, காடு, திமிங்கலம் எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க, அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா கேம்பல் ரிவர் ஊருக்கு வந்ததும், மோட்டார் இருக்குற இந்தக் காலத்துல துடுப்புப் படகுல போயி சால்மன் புடிக்கிற மாதிரி ஒரு கிளப்காரங்க வேஷம் கட்டுறாங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. அடுத்த வாரம் ஒரு வாசகர் அதுக்கு ஒத்து ஊதி, வேலையத்த பணக்காரங்களோட பொழுதுபோக்கு இது, மீனவன் வயித்துப்பாட்டுக்கு கஷ்டப்படுறத இவங்க ஆசைக்கு செஞ்சு பாக்குறாங்கன்னு கடிதம் எழுதியிருந்தார். ரெண்டையும் படிச்சிட்டு எனக்கு மனசே சரியில்ல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் பாம்பன் பக்கம் பொறந்தவன். அப்பா வள்ளத்துல கடலுக்குப் போனவரு. இப்ப எட்டு வருஷமா அதே கேம்பல் ரிவர்லதான் இருக்கேன், ஒரு முதியோர் இல்லத்துல சமையல் வேலை. கடைசி நாலு கோடையா அந்தத் துடுப்புப் படகுல துடுப்பு வலிக்கிறது நான்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர், காட்டுல மரம் வெட்டுற வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, இப்ப எழுபத்தெட்டு வயசு, தோள்பட்டை போயிருச்சு, ஒரு நாள் வேலி பக்கம் நின்னுக்கிட்டு உனக்கு துடுப்பு போட வருமான்னு கேட்டாரு. வரும்னு சொன்னேன். உண்மைல எனக்கு வராது, அது அப்பறந்தான் தெரிஞ்சுது.

மொதல்ல மீனப்பத்தி சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஊர் மார்க்கெட்ல இந்தியன் சால்மன்னு சொல்லி விக்கிறது காலா மீனு, அது வேற குடும்பம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இங்க நான் சொல்றது சினூக். பசிபிக் கடல்ல இருக்குற சால்மன் வகையிலயே பெருசு இதுதான். ஆத்துல கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டைலருந்து வந்து, குஞ்சா கடலுக்கு இறங்கி, மூணு நாலு அஞ்சு வருஷம் கடல்ல சுத்திட்டு, தான் பொறந்த அதே ஆத்தைத் தேடி வரும், கடைசி கட்டத்துல அந்தத் தண்ணியோட வாசனைய வச்சுத்தான் கண்டுபிடிக்குதாம். வந்து முட்டை போட்டதும் செத்துரும், திரும்பி கடலுக்குப் போறதில்ல. இந்த சினூக் 30 பவுண்டு, அதாவது பதிமூணரை கிலோவுக்கு மேல இருந்தா அதுக்கு பேரே மாறிடும், டையீன்னு சொல்லுவாங்க. அங்க இருக்குற பூர்வகுடி மக்கள்கிட்டருந்து வந்த சொல்லு அது, தலைவர்னு அர்த்தம். நம்மூர்ல ஒரே மீனுக்கு சைஸ் வச்சு வேற வேற பேரு சொல்ற மாதிரிதான்னு நெனச்சேன், ஆனா இது பேரு மட்டும் இல்ல, மரியாதையும் சேர்ந்து வருது.

அந்த ஆறு கடல்ல கலக்குற எடத்துல, டிஸ்கவரி பேசேஜ்னு சொல்ற குறுகலான கடல் பாதை ஓரமா, ஒரு சின்ன பரப்பு இருக்கு, டையீ பூல்னு பேரு. ஆத்துக்குள்ள ஏறுறதுக்கு முன்னாடி மீனு அங்க வந்து நின்னு காத்துக்கிட்டு இருக்கும். அங்கதான் இந்த துடுப்புப் படகு மீன்பிடி. ஜூலை 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும், ரெண்டே மாசம்.

வேஷம்னு எழுதினவங்களுக்கு இதோட கதை தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தைய போட்டிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். அந்தக் கரை வெய் வாய் கும், வீ வாய் காய்ங்கற பூர்வகுடி மக்களோட எடம். வெள்ளைக்காரங்க தூண்டில எடுத்துக்கிட்டு வரதுக்கு முன்னாடியே அவங்க மரத்தைக் குடைஞ்ச தோணில போயி இந்த மீனத்தான் புடிச்சு சாப்பிட்டு வாழ்ந்திருக்காங்க. 1896ல சர் ரிச்சர்ட் மஸ்கிரேவ்னு ஒருத்தர் அங்க 70 பவுண்டு மீனு ஒண்ணு புடிச்சு அதப்பத்தி இங்கிலாந்து பத்திரிகைல எழுத, அப்பறம் உலகத்துல பல எடத்துலருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. வந்தவங்களுக்கு தோணி வலிச்சது யாரு, அந்த ஊர் பூர்வகுடி ஆளுங்கதான். நீவாடு, அதாவது நீரோட்டம், எங்க திரும்பும், மீனு எங்க நிக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அதனால துடுப்புங்கறது அந்தத் தண்ணில பின்னால வந்து ஒட்டுன அலங்காரம் கிடையாது, அங்க மீன்பிடி ஆரம்பிச்சதே அப்படித்தான்.

1924ல டையீ கிளப் ஆரம்பிக்கிறாங்க. கலிபோர்னியாவுல அவலான்னு ஒரு ஊர்ல 1898லயே ட்யூனா கிளப்னு ஒண்ணு இருந்துச்சு, பெரிய மீன மெல்லிசான நரம்புல, அதாவது தூண்டில் கயித்துல புடிக்கணும், மீனுக்கும் தப்பிக்க வாய்ப்பு இருக்கணும்னு விதி வச்ச கிளப்பு அது, அதப்பாத்துத்தான் இவங்களும் விதி எழுதுனாங்க. ஆரம்பத்துல வந்தவங்க வசதியானவங்கதான், அத நான் மறுக்கல. வாசகர் சொன்னதுல அந்த ஒரு பங்கு உண்மை இருக்கு. ஆனா இன்னிக்கு சாயந்தரம் அந்தத் தண்ணில நிக்கிற படகுகள்ல எனக்குத் தெரிஞ்சவங்க யாருன்னா ஸ்கூல் பஸ் ஓட்டுறவங்க, ஆஸ்பத்திரில நர்ஸ், மரம் வெட்டுன என் பெரியவர், அவருக்கு துடுப்பு போடுற சமையல்காரன் நானு. காசு இருக்குறவங்களும் வராங்க, காசு குடுத்து துடுப்புக்கு ஆள் வச்சுக்கிறாங்க. அதுல என்ன தப்பு, துடுப்பு போடுறவனுக்கு அது கூலி.

இப்ப விதிக்கு வரேன். மீன் புடிக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது, துடுப்பு மட்டும்தான். உயிரோட இருக்குற இரை கூடாது, வெட்டுன இரையும் கூடாது, மரத்துலயோ பிளாஸ்டிக்லயோ செஞ்ச ப்ளக், இல்லன்னா தகடுல செஞ்ச ஸ்பூன், இந்த மாதிரி பொய் இரைதான். தூண்டி முள்ளு ஒண்ணே ஒண்ணு, அதுலயும் நுனிக்கு கீழ பின்னோக்கி நிக்குற சின்ன கூர் இருக்கக்கூடாது, வழவழன்னு இருக்கணும், அதாவது நரம்பு கொஞ்சம் தளர்ந்தா போதும், மீனு வாய உதறி கழட்டிட்டுப் போயிரும். தூண்டில் கம்பு 6 அடிலருந்து 9 அடிக்குள்ள. நரம்பு 20 பவுண்டுக்கு மேல தாங்குற நரம்பா இருக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதியக் கொஞ்சம் நின்னு பாருங்க. மீனு குறைஞ்சது 30 பவுண்டு, நரம்பு தாங்குறது 20 பவுண்டு. அப்படின்னா அந்த மீனை நரம்பால தூக்கவே முடியாது, இழுத்துப் புடிச்சா அந்துரும். அது ஓடுறப்ப விட்டுக் குடுக்கணும், அது நிக்கிறப்ப சேத்துக்கணும், படகும் அது பின்னாலயே போகணும். பலத்துக்கு அங்க வேலை கிடையாது. இந்த விதிப்படி டையீ பூல்ல 30 பவுண்டுக்கு மேல ஒரு மீனு புடிச்சாத்தான் அந்த கிளப்ல மெம்பராவே ஆக முடியும், பணம் கட்டி சேர முடியாது. வாசகர் பணக்காரங்க கிளப்புன்னு எழுதினாரே, அவர் இத ஒரு தடவ யோசிக்கணும்னு கேட்டுக்கிறேன். மீனு 30 பவுண்டு தாண்டினா புடிச்சவருக்கு வெண்கல பட்டன், 40 தாண்டினா வெள்ளி, 50 தாண்டினா தங்கம், 60 தாண்டினா வைரம். இது வரைக்கும் பெருசு 1968ல வந்த 71½ பவுண்டு மீனு, முப்பத்திரண்டு கிலோ சொச்சம். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அத யாரும் தாண்டல.

சரி, துடுப்பு வலிக்கிறதப் பத்தி. இது எனக்குத் தெரிஞ்ச விஷயம், இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

படகுல நான் அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, முதுகு காட்டி உக்காருவேன், பெரியவர் பின்பக்கம் என்னப் பாத்து உக்காருவாரு. நரம்பு அவருக்குப் பின்னால தண்ணில போகும். அதனால கம்போட நுனி எப்பவும் என் கண்ணு முன்னாலதான். பொய் இரை தண்ணில தானா ஆடாது, படகு போற வேகத்துலதான் அது இடமும் வலமும் ஆடணும், அந்த ஆட்டம் நரம்பு வழியா ஏறி கம்பு நுனில டுக் டுக் டுக்னு ஒரு துடிப்பா தெரியும். அந்தத் துடிப்பு ஒரே சீரா இருக்கணும். வேகமா வலிச்சா ப்ளக் சுத்த ஆரம்பிச்சிரும், மெதுவா வலிச்சா செத்த மாதிரி தொங்கும். நீவாடு ஒரு நிமிஷத்துக்கு ஒரு மாதிரி இருக்குற எடம் அது, ஆத்துத் தண்ணி ஒரு பக்கம் தள்ளும், கடல் ஏத்தம் ஒரு பக்கம் தள்ளும். சில நேரம் முழு பலத்தோட வலிச்சும் கரைல இருக்குற ஒரு கம்பத்த வச்சுப் பாத்தா படகு ஒரு அடி கூட நகந்திருக்காது, ஆனா ப்ளக் மட்டும் சரியா ஆடிக்கிட்டு இருக்கும். அதுதான் வேணும். படகு போகணும்னு அவசியம் இல்ல, தண்ணி இரை மேல சரியான வேகத்துல போகணும், அவ்வளவுதான்.

மொதல் கோடைல இது எனக்குப் புரியவே இல்ல. பாம்பன்காரன்னு ஒரு நெனப்பு வேற, தண்ணி நமக்குத் தெரியாதான்னு. ரெண்டாவது நாளே உள்ளங்கை ரெண்டும் கொப்பளிச்சுப் போச்சு, அடுத்த நாள் கிச்சன்ல வெங்காயம் நறுக்கறப்ப கண்ணுல தண்ணி, வெங்காயத்தால இல்ல. பெரியவர் திட்ட மாட்டாரு. கம்பு நுனிய விரலால காட்டுவாரு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேசாம அந்த நுனியவே பாத்துக்கிட்டு இருப்போம். அப்பாவுக்கு போன் போட்டு இந்த மாதிரி வலிக்கிறேம்பான்னு சொன்னப்ப அவரு வேற எதுவும் கேக்கல, நீவாடு எந்தப் பக்கம்னுதான் கேட்டாரு. சொன்னேன். அப்ப எதுத்து வலிச்சு நில்லு, ஓட விடாதன்னாரு. பூமியோட அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, வாழ்நாள்ல பாக்காத ஒரு தண்ணிக்கு அவரு சொன்னது சரியா இருந்துச்சு.

இன்னொரு விஷயம், கடல்லருந்து ஆத்துக்கு வந்து நிக்கிற இந்த மீனு சாப்பிடுறத நிறுத்திடும். பசிக்காக அது கடிக்கறதில்ல. கோவமா, எல்லைய காக்குற குணமா, பழைய பழக்கமான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதனால பத்து நாள் வலிச்சாலும் ஒண்ணும் மாட்டாது. வாரக் கணக்குல ஒரு கடி கூட இல்லாம வீட்டுக்குப் போறது அங்க சாதாரணம். வயித்துப்பாட்டுக்குப் போற மீனவனுக்கு இது கட்டுப்படியாகாது, நியாயம்தான், வாசகர் சொன்ன அந்த வலி எங்க வீட்டுலயும் இருந்த வலிதான். ஆனா எங்க அப்பா செஞ்சது தொழில், இது வேற ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு மோத விட்டா ரெண்டுக்குமே மரியாதை இல்லாம போயிரும்.

ரெண்டாவது கோடை, ஆகஸ்ட் மாசம் பாதி. காலைல 5 மணிக்கு இன்னும் நல்லா வெளுக்கல. தண்ணி மேல புகை மாதிரி மூட்டம், சுத்தி ஏழெட்டு படகு, யாரும் பேசல, துடுப்புக் கட்டைல துடுப்பு உரசுற சத்தம் மட்டும். திடீர்னு கம்பு நுனி துடிப்பு நின்னுச்சு. நான் ப்ளக்ல பாசி மாட்டிருச்சுன்னு நெனச்சேன். அடுத்த நொடி கம்பு அப்படியே வளைஞ்சு தண்ணியத் தொட்டுச்சு, ரீல் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, அந்த அமைதில அந்த சத்தம் நெஞ்சுல வந்து அடிச்சுது. பெரியவர் எந்திரிக்கல, உக்காந்த எடத்துலயே கம்ப தூக்கிப் புடிச்சாரு. பக்கத்துப் படகுல இருந்து யாரோ குரல் குடுத்தாங்க, உடனே எல்லாரும் தங்களோட நரம்ப சுத்தி எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் விலகி எங்களுக்கு வழி விட்டாங்க. அந்த காட்சிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் ஐயா. அவங்களும் மீனுக்குத்தான் வந்தவங்க, அவங்களும் பத்து நாளா வெறுங்கையோட போனவங்கதான்.

மீனு வெளிக்கடல் பக்கம் ஓடுச்சு, நான் பின்னாலயே வலிச்சேன். ஒரு தடவ மேல வந்து புரண்டுச்சு, வாலு மட்டும் தெரிஞ்சுது, என் ரெண்டு கையையும் விரிச்சு வச்ச அகலம் இருக்கும் போலன்னு அந்த நேரத்துல தோணுச்சு, அவ்வளவு இருந்திருக்காது, பயத்துல கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சுது. முக்கால் மணி நேரம் போச்சு. படகுக்கு இருபது அடில வந்து மீனு அசையாம நின்னுச்சு. களைச்சுப் போச்சு, அவ்வளவுதான்னு நான் நெனச்சு துடுப்ப விட்டுட்டு வலைய எடுக்க குனிஞ்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. நீவாடு படகை மீனு பக்கம் ஒரு ஆள் தூரம் தள்ளிருச்சு, நரம்பு தளர்ந்துச்சு, மீனு ஒரே ஒரு தடவ தலைய ஆட்டுச்சு, முள்ளு தனியா வந்துருச்சு. கூர் இல்லாத முள்ளு, அது வேற என்ன செய்யும். மீனு உடனே ஓடல, அதே எடத்துல ஒரு மூச்சு வாங்குற நேரம் நின்னுட்டு, மெதுவா கீழ எறங்கி மறைஞ்சுது.

பெரியவருக்கு அப்ப எழுபத்தாறு வயசு. அவர்கிட்ட வாலிபத்துல வாங்குன வெண்கல பட்டன் ஒண்ணு இருக்கு, இந்த மீனு அதத் தாண்டியிருக்கும்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லல. நரம்ப சுத்தினாரு, முள்ளை கட்டை விரலால தடவிப் பாத்தாரு, வெளிச்சம் இன்னும் இருக்கு, திரும்பிப் போலாமான்னு கேட்டாரு. நான் திருப்பினேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணு விளங்குச்சு, மீன் புடிக்கிறதுல பாதி துடுப்புல இருக்கு. மோட்டார் வச்சிருந்தா அந்த மீனு கிடைச்சிருக்கும், அது நிச்சயம். ஆனா அந்த முக்கால் மணி நேரம் எங்க மூணு பேருக்கும் நடுவுல நடந்தது நடந்திருக்காது.

இப்ப கட்டுரைல வராத முக்கியமான சங்கதி, ஆறு. கேம்பல் ஆறு நீளமான ஆறுதான், ஆனா சால்மனுக்குக் கிடைக்கிறது கடைசி அஞ்சாறு கிலோமீட்டர்தான், ஏன்னா அதுக்கு மேல எல்க் ஃபால்ஸ்னு பெரிய அருவி, மீனு ஏற முடியாது. அது இயற்கை. அந்த அருவிக்கு மேல 1947ல ஜான் ஹார்ட் அணை வந்துச்சு. மீனோட வழிய அணை அடைக்கல, வழி ஏற்கனவே அருவிலயே முடிஞ்சிருச்சு. ஆனா வேற ஒண்ணு நடந்துச்சு. மேல மலைலருந்து வருஷா வருஷம் வெள்ளத்துல உருண்டு வர கூழாங்கல்லு அணைக்குப் பின்னால நின்னுருச்சு. கீழ இருந்த கல்லு வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போச்சு, புதுசு வரல. சினூக் பொட்டை வால அடிச்சு கல்லுல குழி பறிச்சுத்தான் முட்டை போடும், கல்லு இல்லன்னா முட்டைக்கு எடம் இல்ல. இது தெரிஞ்சு பின்னாடி ஊர்க்காரங்களும் அரசாங்கமும் சேந்து கல்லு கொண்டு வந்து ஆத்துல கொட்டுறாங்க. கழிமுகத்துல மர ஆலையும் கட்டைகள மிதக்க விட்ட எடமுமா நாசமாக் கெடந்த பகுதிய வாங்கி, செடி புல்லு நட்டு, குஞ்சு மீனு ஒதுங்கி வளர மாதிரி திருப்பிக் குடுத்திருக்காங்க. கேம்பல் ஆத்துல சேருற குவின்சம் ஆத்துல 1974லருந்து குஞ்சு பொரிக்கிற நிலையம் நடக்குது. இந்த வேலைக்கெல்லாம் சனிக்கிழமை பூட்ஸ் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறவங்க யாருன்னு பாத்தா, துடுப்புப் படகுல பாக்குற அதே முகங்கள் நெறைய இருக்கு. நானும் ரெண்டு தடவ போயிருக்கேன். ஒரு எடத்துல பத்து நாள் ஒரு கடியும் இல்லாம மெதுவா வலிச்சுக்கிட்டே இருந்தா அந்தத் தண்ணில என்ன மாறுதுன்னு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிரும், அதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

என் மனசுல ஒரு குறையும் இருக்கு, அத சொல்லாம விட்டா இந்தக் கடிதம் முழுசாகாது. பசிபிக் கரை நெடுக சினூக் சின்னதாகிக்கிட்டு வருது. முன்ன மாதிரி வயசான, பெரிய மீனுங்க ஆத்துக்குத் திரும்பறது கொறைஞ்சிருக்கு. மனுஷன் புடிக்கிறது, ஓர்க்கா திமிங்கலம் பெரிய மீனாப் பாத்து திங்கிறது, கடல் மாறுறது, குஞ்சு நிலையத்து மீனு, இப்படி பல காரணம் சொல்றாங்க, எது எவ்வளவுன்னு விஞ்ஞானிங்களே இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா பெரிய பொட்டை மீனு முக்கியம்ங்கறதுல சந்தேகமே இல்ல. அது போடுற முட்டை அதிகம், பறிக்கிற குழியும் ஆழம், வெள்ளம் வந்து மேல் கல்லை அரிச்சாலும் அடியில முட்டை பிழைக்கும். அப்படி இருக்கப்ப பெருசுக்கு பட்டன் குடுக்குறது, பெருச கரைக்குக் கொண்டு வந்து எடை போடுறதுன்னு இருக்குற வழக்கம் என் மனச உறுத்துது. நூறு வருஷம் முன்னாடி மெல்லிசு நரம்புன்னு ஒரு விதிய வச்சு மீனுக்கு வாய்ப்பு குடுத்தவங்க, இன்னிக்கு இருந்தா பெரிய பொட்டைய தண்ணிலயே அளந்து விட்டுடணும்னுதான் விதி எழுதியிருப்பாங்கன்னு நான் நம்புறேன். பெரியவர்கிட்ட இதப்பத்தி பேசினேன். ஒரு நாள் ஃபுல்லா பதில் சொல்லல. மறுநாள் படகு எறக்குறப்ப, நம்ம படகுல இனிமே பொட்டை மாட்டினா விட்டுடலாம்னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்பறம் எங்களுக்கு மாட்டினது ஒரே ஒரு மீனு, ஆண் மீனு, 26 பவுண்டு, பட்டனுக்கு நாலு பவுண்டு கொறைவு. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் என் கிச்சன்ல வச்சு அத மஞ்சள், மிளகாத்தூள், உப்பு, கொஞ்சம் புளி போட்டு வறுத்து சாப்பிட்டோம். பெரியவர் தலைய மட்டும் குழம்பு வைக்கச் சொல்லி எடுத்துக்கிட்டு வந்து குடுத்தாரு, எங்க வீட்டுல நான் சாப்பிடுறத பாத்திருக்காரு.

நம்ம ஊர்லயும் இது புரியாத விஷயம் இல்லீங்க. கிழக்குக் கரைல ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதுன்னு தடைக்காலம் வச்சிருக்கோம், மீனு முட்டை போடட்டும்னு. அந்த ரெண்டு மாசம் ராமேஸ்வரம் ஜெட்டில வரிசையா படகு நிக்கிறத பாத்து வளந்தவன் நான், வீட்டுல காசு இல்லாத மாசம் அது. ஆனா அந்த நாட்கள்லயும் வள்ளத்துல, நாட்டுப்படகுல போறவங்களுக்குத் தடை இல்ல. ஏன்னா அந்தப் படகால எடுக்க முடியுறது கொஞ்சம், கடல் அதத் தாங்கும்னு அரசாங்கத்துக்கும் தெரியும். டையீ பூல்லயும் யாரோ இதையேதான் யோசிச்சிருக்காங்க. கைல எவ்வளவு கருவி இருந்தாலும் இந்த எடத்துல இவ்வளவுதான் எடுப்பேன்னு தன் கைய தானே கட்டிக்கிறது. அத வேஷம்னு எழுதறப்ப, மோட்டார் வாங்க முடியாம இன்னமும் துடுப்பு வச்சு கடலுக்குப் போற எங்க ஊர் ஆளுங்களையும் சேத்துத்தான் அந்த வார்த்தை அடிக்குதுன்னு எனக்குப் பட்டுச்சு.

கட்டுரை எழுதினவங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஒரு நாள் பயணத்துல எல்லாத்தையும் பாக்க முடியாது. என் வேண்டுகோள் ரெண்டுதான். அந்த ஒரு வரிய அடுத்த இதழ்ல திருத்தி, டையீ பூல்ல மோட்டார் இல்லாம புடிக்கிறது 1924லருந்து நடக்குற விதின்னு போடுங்க. அப்பறம் உங்க வாசகர்கள் யாராவது கோடைல வான்கூவர் தீவுக்கு வந்தா, ஆகஸ்ட் மாசம் சாயந்தரம் டையீ ஸ்பிட்னு கேட்டு வாங்க, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற மணல் திட்டு, பார்க் மாதிரி இருக்கும், யாரு வேணா வரலாம், டிக்கெட் கிடையாது. எடை போடுற கிளப் வீடும் அங்கதான் இருக்கு, டையீ வந்தா மணி அடிப்பாங்க. 8 மணிக்கு மேல வெயில் சாயுறப்ப கரைல இருக்குற கட்டைல உக்காந்து பாருங்க, படகுங்க வரிசையா வந்து நிக்கும். அதுல பச்சை பெயிண்ட் அடிச்ச மரப்படகு எங்களோடது. கை தட்டியெல்லாம் கூப்பிடாதீங்க, நான் கம்பு நுனியப் பாத்துக்கிட்டு இருப்பேன், வலிக்கிறத நிறுத்த முடியாது. இருட்டினதும் கரைக்கு வந்துருவோம், அப்ப பேசலாம், ஃபிளாஸ்க்ல டீ இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கேம்பல் ரிவர், வான்கூவர் தீவு, கனடா